பெயர்ப்பும் தழுவலும்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் குறித்து ஒரு மறுப்பு

தொண்ணூறுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் எழுதும் ஏக்கக் குறிப்புகள் இணையத்தில் பெருகிவிட்டன. பம்பரம், ஒளியும் ஒலியும் ஆகியவற்றுக்குப் பிறகு அவற்றில் தவறாமல் வருவது டிவியில் செருகி ஆடிய வீடியோ கேம். கேசட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடி வளர்ந்த தலைமுறை என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறோம். இதை நான் ஏற்கவில்லை. நாம் ஆடியது ஸ்ட்ரீட் ஃபைட்டரே அல்ல.

எங்கள் கட்டுமாவடியில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தை நான் கண்டதில்லை. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் மெகா டிரைவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோதும், அதன் விலை மீன்பிடிக் குடும்பங்களுக்கு எட்டக்கூடியதாக இல்லை. வந்து சேர்ந்தவை, சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவர்களின் பெட்டிகளிலும் பர்மா பஜார் வழியாகவும், நின்டெண்டோவின் 8 பிட் கருவியைப் போலச் செய்த மலிவுப் பெட்டிகள்தாம். அவற்றுக்கான கேசட்டின் மேலட்டையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்று அச்சிட்டிருக்கும். காப்காம் நிறுவனமோ தன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ அந்த 8 பிட் கருவிக்கு ஒருபோதும் வெளியிடவில்லை. உரிமம் பெறாத யாரோ செய்த தழுவல் அது.

தழுவல் என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துகிறேன். மணிக்கொடிக் காலத்தில் புதுமைப்பித்தன் தழுவலைச் சாடி மொழிபெயர்ப்பின் பக்கம் நின்று வாதாடியதை இங்குள்ள வாசகர்கள் அறிவார்கள். அந்த வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது.

1991இல் ஆர்கேடில் வந்த மூலத்துக்கு ஆறு பொத்தான்கள். கைக்கு மூன்று, காலுக்கு மூன்று. மென்மை, நடுத்தரம், வன்மை. வேகமும் வலுவும் ஒன்றுக்கொன்று விலையாகும் இந்தப் பேரம்தான் ஆட்டத்தின் இலக்கணம். 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு அதைப் பெயர்த்தவர்களிடம் இருந்தது 16 மெகாபிட் கேசட், அதாவது வெறும் 2 மெகாபைட். எதை விடுவது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 384 புள்ளி அகலத் திரை 256 ஆனது. தொடக்கத்தில் இருவர் தெருவில் மோதும் காட்சி போயிற்று. ஆனால் ஆறு பொத்தான்களும் இருந்தன. ஓர் அடியின் வாலில் அடுத்ததைக் கோக்கும் தாளமும் பிழைத்தது. அலங்காரத்தை விட்டுக்கொடுத்து இலக்கணத்தைக் காத்த இச்செயலை நல்ல மொழிபெயர்ப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 63 லட்சம் பிரதிகள் விற்றது வேறு விஷயம். விற்பனையை வைத்து மொழிபெயர்ப்பை மதிப்பிடுவது பதிப்பாளரின் வேலை. மெகா டிரைவின் கட்டுப்பாட்டுக் கருவியில் மூன்றே பொத்தான்கள் இருந்ததால், 1993இல் அந்தப் பதிப்பு வந்தபோது சேகா ஆறு பொத்தான் கருவியையே புதிதாகச் செய்து விற்றது. மூலத்துக்காகத் தன் மொழியில் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டது என்றே இதைச் சொல்லலாம்.

நம் மலிவுப் பெட்டியில் இருந்தவை இரண்டு பொத்தான்கள். டர்போ என்று கூடுதலாக இருந்தவை அதே இரண்டின் வேகப் பிரதிகள். அங்கே பேரம் இல்லை, தேர்வு இல்லை. யார் வேகமாக அமுக்குகிறார் என்பது மட்டுமே. கபாலமாலை அணிந்து நெருப்பு ஊதும் இந்திய யோகி தால்சிமை (அந்தக் கற்பனையின் லட்சணத்தைத் தனியே பேச வேண்டும்) எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கை எவ்வளவு நீளும், எத்தனை விரைவில் திரும்பும் என்று கணிப்பதே அவரை ஆடும் கலை. இரண்டு பொத்தானில் அது எப்படி வரும்?

ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைக் கேலி செய்கிறாய் என்பார்கள். கிடைத்த மகிழ்ச்சியை யாரும் பறிக்கவில்லை; நானும் அடைந்ததுதான் அது. ஆனால் சுருக்கப் பதிப்பில் டால்ஸ்டாயைப் படித்துவிட்டு டால்ஸ்டாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதற்கும் இதற்கும் நான் அதிக வேறுபாடு காணவில்லை.

மறுபுறம் ஆர்கேட் தூய்மைவாதிகள், வீட்டுக்கு வந்ததெல்லாம் நகல் என்கிறார்கள். 2018இல் காப்காம் வெளியிட்ட முப்பதாம் ஆண்டுத் தொகுப்பில் ஆர்கேட் மூலங்களே கிடைக்கும்போது 1992இன் கேசட் எதற்கு என்பது அவர்கள் வாதம். ஒரே பாத்திரத்தை இருவரும் எடுத்து மோத, முதல் ஆர்கேட் பதிப்பு இடம் தரவில்லை. அந்தக் கேசட்டில் ஒரு ரகசியக் குறியீட்டை அமுக்கினால் அது முடியும். தால்சிமும் தால்சிமும் மோதினால் வெல்வது யார் என்பதற்கு அவர்கள் போற்றும் அந்த மூலத்தில் விடை கிடையாது.