சாவி எங்கள் கையில்தான் இருந்தது

பிரிட்டனில் மனநல மருத்துவர்களாக வேலை பார்க்கும் தெற்காசியர்கள் நாங்கள். இந்த நாட்டின் கறுப்பின மக்கள் மனம் நொந்து எங்களிடம் வந்தபோதெல்லாம் அவர்களைச் சரியாகக் கவனிக்கத் தவறினோம். அது வெள்ளைக்கார டாக்டர்களின் குற்றம் என்று சொல்லி நழுவ எங்களுக்கு வழியில்லை. ஆங்கிலேய டாக்டர்கள் விரும்பிப் போகாத துறைகளான முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும்தான் எங்கள் முன்னோடிகள் பலருக்குக் கிடைத்தன. சென்னையிலும் கொழும்பிலும் படித்துவிட்டு வந்து அந்த வார்டுகளைத் தாங்கிப் பிடித்தோம். அங்கே நடந்தவற்றிலும் எங்களுக்குப் பங்கு உண்டு.

1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் தங்கவைக்க, பொதுவாக இரண்டு டாக்டர்களின் பரிந்துரை வேண்டும். அந்தப் படிவங்களில் எத்தனையோவற்றில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் கறுப்பின மக்கள் இப்படிப் பிடித்து வைக்கப்படும் விகிதம், வெள்ளையரோடு ஒப்பிட்டால் மூன்றரை முதல் நான்கு மடங்கு. குடும்ப டாக்டர் அனுப்பி வருகிறவர்கள் அவர்களில் குறைவு. நிலைமை முற்றிப்போய், போலீசாரோடு வந்து சேர்கிறவர்கள் அதிகம். வந்த பிறகும் பேச்சு சிகிச்சை அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது, ஊசிதான் கூடுதலாகக் கிடைக்கிறது. இந்தக் கணக்கு ஆண்டுதோறும் எங்கள் மேசைக்கு வருகிறது. பார்த்துவிட்டு அடுத்த கோப்பைத் திறந்துவிடுகிறோம்.

எங்கள் வார்டு ரவுண்ட்ஸ் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்சல்டன்ட், ஜூனியர் டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், சமூகப் பணியாளர், மாணவர் என்று ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். இரவு கொடுத்த மருந்தின் கிறக்கம் தெளியாமல், நாக்கு வறண்டு, ஓர் இளைஞர் உள்ளே வருவார். ஆள் உயரமாக இருந்தால் எங்களில் ஒருவர் நாற்காலியைக் கதவோரம் நகர்த்திக்கொள்வார். இளைஞரின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் ‘முரட்டுத்தனம்’ என்று எழுதுவோம். வாய் திறக்காவிட்டால் ‘ஒத்துழைக்கவில்லை’. போலீசார் தன்னை மட்டும் அடிக்கடி நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று சொன்னால் ‘சந்தேக எண்ணம்’. லண்டன் தெருவில் அது அன்றாடம் நடப்பதுதான் என்று தெரிந்தும் அப்படி எழுதியிருக்கிறோம். “இந்த ஊசி போட ஆரம்பிச்சதிலிருந்து என் பிள்ளை சிரிக்கவே இல்லை டாக்டர், அளவைக் குறைக்கக் கூடாதா?” என்று தாய் கேட்பார். “பார்க்கலாம் அம்மா” என்போம். அவர் கேட்டது கோப்பில் ஏறாது.

இப்படிக் காது கொடுக்காமல் போனதில் உயிர்களும் போயிருக்கின்றன. ஜமைக்கா வழிவந்த டேவிட் பென்னெட்டுக்கு வயது 38. 1998 அக்டோபரில் நார்விச் நகர மனநல மருத்துவமனை ஒன்றில் சக நோயாளி ஒருவர் அவரை இனம் சொல்லித் திட்டினார். தகராறுக்குப் பிறகு வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னெட்தான். ஆத்திரத்தில் அவர் ஒரு நர்ஸை அடித்துவிட, பணியாளர்கள் அவரைக் குப்புறக் கிடத்தி 25 நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். அதிலேயே உயிர் போயிற்று. கறுப்பின நோயாளிகள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் கறுப்பினப் பணியாளர்களும் வேண்டும் என்று அவர் முன்பே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். தேசிய சுகாதார சேவைக்குள் நிறவெறி வேரோடியிருக்கிறது என்று 2004இல் விசாரணைக் குழு சொன்னது. அதன்பின் செயல்திட்டம் போட்டோம். ஆண்டுதோறும் வார்டுகளில் இனவாரியாகத் தலை எண்ணினோம். கறுப்பின மக்கள் பிடித்து வைக்கப்படும் விகிதம் குறையவில்லை.

2010இல் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் தானாகவே சிகிச்சைக்கு வந்தார். லண்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் போலீசார் 11 பேர் அவரை அடக்கிப் பிடித்ததைத் தொடர்ந்து இறந்தார். மனநல வார்டுகளில் பலப்பிரயோகத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் 2018இல் வந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் அவருடைய பெற்றோர். சட்டம் வேண்டும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நோய்க்கான காரணத்தைத் தேடியதிலும் நேர்மை போதவில்லை. இங்கே வாழும் ஆப்பிரிக்க-கரீபியன் மக்களிடம் மனச்சிதைவு நோய் பல மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. மரபணுவா, கஞ்சாவா என்று நெடுங்காலம் விவாதித்தோம். ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் பார்படாசிலும் போய்ப் பார்த்த ஆய்வுகள், அங்கே அந்த உயர்வு இல்லை என்று காட்டின. வீடு, வேலை, பள்ளியிலிருந்து வெளியேற்றம், தனிமை, அவமானம் என்று இந்த நாட்டு வாழ்க்கையில்தான் விடை இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தோம். வார்டில் அந்தக் கேள்விகளை மட்டும் கேட்கவில்லை.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. இலங்கையில் பிறந்த மனநல மருத்துவர் சுமன் பெர்னாண்டோ 1980களிலிருந்தே இந்தத் துறையின் நிறவெறியைப் பற்றி எழுதிவந்தார். ‘அரசியல் பேசுகிறார்’ என்று எங்களில் பலர் ஒதுங்கிக்கொண்டோம். ஜமைக்காவில் பிறந்த டாக்டர் ஆக்ரி பர்க், 1981இல் லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் பற்றிய தீயில் 13 கறுப்பின இளையோர் இறந்தபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குத் துணை நின்றார். லண்டன் மருத்துவக் கல்லூரி ஒன்றின் கணினி நிரல், பெண்களுக்கும் ஐரோப்பியர் அல்லாத பெயர் கொண்டவர்களுக்கும் மதிப்பைக் குறைத்து விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டியதை 1986இல் சக மருத்துவர் ஜோ கோலியரோடு சேர்ந்து அம்பலப்படுத்தியவரும் அவரே. அந்தப் பெயர்களில் எங்கள் பிள்ளைகளின் பெயர்களும் அடக்கம். எங்களுக்கும் சேர்த்து அவர் பேசினார். அவருடைய மக்களுக்காக நாங்கள் பேசவில்லை. நிறம் பார்த்துப் பழகிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் மருத்துவமனை வாசலில் எங்களை விட்டுப் போய்விடவில்லை.

‘கறுப்பின மக்களிடம் மனநல விழிப்புணர்வு போதாது’ என்று கூட்டங்களில் பேசுகிறோம், தேவாலயங்களில் துண்டறிக்கை கொடுக்கிறோம். அண்ணனை போலீசார் இழுத்துப் போனதைப் பார்த்த தங்கை எங்களிடம் வரத் தயங்குகிறாள் என்றால், எங்களைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள். போக்க வேண்டியவர்களும் நாங்களே.

2021இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் துறையின் நிறவெறிக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. நாங்களும் கேட்கிறோம். கூடவே சிலவற்றைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். யாரை எத்தனை முறை அடக்கிப் பிடித்தோம், யாருக்குப் பேச்சு சிகிச்சை கொடுத்தோம் என்ற கணக்கை ஒவ்வொரு வார்டும் இனவாரியாக அந்தப் பகுதிக் குடும்பங்களின் முன் வைக்க வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் அவர்களும் உட்கார வேண்டும். தேவாலயத்திலும் முடிதிருத்தகத்திலும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கிறவர்களுக்கு நிதி போய்ச் சேர வேண்டும்.

ஊரிலிருந்து புதிதாக வந்து இந்தத் துறையில் சேரும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முன்னும் அந்தப் படிவம் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டாரிடம் பேசுங்கள். வேறு வழி ஏதும் முயன்று பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இதே நிலையில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் இருந்தால் அவரையும் அடைப்பேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ‘மாட்டேன்’ என்று பதில் வந்தால், சீனியர் எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும், பேனாவைக் கீழே வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.