ராக்னார் மாண்ட பின்

'வைக்கிங்ஸ்' என்னும் டெலிவிஷன் நாடகம் முடிவுற்று ஆண்டுகள் சில கடந்துவிட்டன. ஆயினும் அதைப் பற்றிய வழக்கு ரசிகர்களிடையே தீர்ந்தபாடில்லை. கதாநாயகன் ராக்னார் லோத்புரோக் இறந்ததோடு நாடகமும் இறந்துவிட்டது என்று ஒரு சாரார் அடித்துச் சொல்லுகின்றனர். நாடகத்தின் பெயர் 'ராக்னார்' அன்று, 'வைக்கிங்ஸ்'. ஆகவே தந்தைக்குப் பின் மைந்தர் கதை வருவதே முறை என்று மற்றொரு சாரார் வாதிக்கின்றனர். பீஷ்மர் சாய்ந்ததும் பாரதத்தை மூடிவைக்கும் வழக்கம் நம்மிடமும் இல்லையாதலால், இரண்டாம் கட்சியாரின் நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும், இரு கட்சியாரும் நோய் தொடங்கிய இடத்தை விட்டு வேறிடத்தில் நாடி பார்க்கிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்நாடகம் 2013 மார்ச்சு மாதம் 'ஹிஸ்டரி' சானலில் தொடங்கியது. முன்பு ட்யூடர் வம்சத்து மன்னர்களை நாடகமாக்கிய ஆங்கிலேயர் மைக்கேல் ஹர்ஸ்ட் இதை எழுதினார். படம் பிடித்தது பெரும்பாலும் அயர்லாந்தின் விக்லோ பிரதேசத்தில். ஆறு பருவங்களில் மொத்தம் 89 அத்தியாயங்கள்.

முதற் பருவத்து ராக்னார் ஒரு குடியானவன். தன் ஊர்த் தலைவன் ஆண்டுதோறும் கிழக்கே கொள்ளைக்கு அனுப்ப, மேற்கே கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறான். 793ஆம் ஆண்டு லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடி, அங்கிருந்து அதெல்ஸ்தான் என்ற துறவியைச் சிறைபிடித்து வருகிறான். கொள்ளைப் பொருள்களில் அவன் மிகவும் போற்றியது இந்தத் துறவியைத்தான். உன் கடவுள் எப்படிப்பட்டவர், உன் அரசன் எப்படி ஆளுகிறான் என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பின்னர் வெஸ்ஸெக்ஸ் மன்னன் எக்பெர்ட்டும் அதே துறவியிடம் அதே ஆவலுடன் எதிர்க் கேள்விகளைக் கேட்கிறான். பகைவர் இருவரும் ஒரே மனிதனை நேசித்தார்கள். அவன் வழியாக ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள முயன்றார்கள். வாளும் கேடயமும் மோதும் காட்சிகள் வேறு எத்தனையோ நாடகங்களில் உண்டு. இந்த உரையாடல் வேறெங்கும் நாம் காணாதது.

அந்த உரையாடலின் பொருள் நிலம். உழுது பிழைக்க நிலம் கொடு என்று வடவர் கேட்கிறார்கள், எக்பெர்ட்டும் கொடுக்கிறான். மூன்றாம் பருவத்தில் வெஸ்ஸெக்ஸில் குடியேறி அவர்கள் ஏர் பூட்டுகிறார்கள். ராக்னார் ஊர் திரும்பிய பின், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக அக்குடியேற்றம் முழுவதும் வெட்டிச் சாய்க்கப்படுகிறது. அது எக்பெர்ட்டின் சூழ்ச்சியே. அதே பருவத்தில் ப்ளோக்கி, தன் தெய்வங்களுக்காக என்று சொல்லி, அதெல்ஸ்தானைக் கொன்றுவிடுகிறான். இவ்விரு கொலைகளும் நடந்தது 2015இல். ராக்னார் பாம்புக் குழியில் மாண்டது 2016 டிசம்பரில். நாடகத்தின் உயிர்நாடி எப்போது தளரத் தொடங்கிற்று என்று கேட்போருக்கு நாம் முந்திய தேதியையே சொல்லுவோம்.

இதற்குச் சான்று நான்காம் பருவத்திலேயே இருக்கிறது. அப்பருவத்தின் முற்பகுதியில் ராக்னார் உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் மருந்து மயக்கத்தில் உழல்கிறான், பாரிஸ் முற்றுகையில் தோற்கிறான், கதையும் அவனோடு சேர்ந்து தள்ளாடுகிறது. பின்பு முதுமையில் அவன் எக்பெர்ட்டிடம் கைதியாகி, இருவரும் மதுக் கிண்ணத்துடன் அமர்ந்து தெய்வங்கள் உண்டா என்று பேசும் அத்தியாயம் வருகிறது. பழைய உயிர் முழுவதும் அங்கே மீண்டுவிடுகிறது! தன்னை நார்தம்ப்ரியா அரசன் அயெல்லாவிடம் ஒப்படைக்கும்படி ராக்னாரே சொல்லுகிறான். அந்தப் பழி எக்பெர்ட்டையும் வந்து சேரும்படி, தன் மகன் ஐவாரிடம் முன்னமே இரகசியமாகச் சொல்லி வைத்துவிடுகிறான். 2017 பிப்ரவரியில் எக்பெர்ட்டும் இறக்கிறான். அரச பதவியை மகனுக்குத் துறந்த பிறகு, தனக்கு உரிமையில்லாத கிழக்கு ஆங்க்லியாவை வடவருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டு, நாளங்களை அறுத்துக்கொள்கிறான். நல்ல கதாசிரியர் ஒருவரின் கைத்திறம் இது. அதற்குப் பின் ராக்னாரின் மக்களுக்குச் சண்டையிட ஆட்கள் இருந்தார்களேயன்றி, பேசத் தகுந்த எதிரி ஒருவனும் இல்லை.

அளவும் கெடுதல் செய்தது. முதல் மூன்று பருவங்களில் முறையே 9, 10, 10 அத்தியாயங்கள். நான்காவது முதல் பருவத்துக்கு 20. ஒரு கிணற்று நீரை இரண்டு தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போல, ஐஸ்லாந்தில் ப்ளோக்கி, கட்டகாட்டில் லாகெர்தா, இங்கிலாந்தில் பிஷப் ஹியாமுண்டு, கீவ் நகரில் ஓலெக் என்று கதை பிரிந்து ஓடிற்று. ஐவாராக நடித்த டேனிஷ் இளைஞர் அலெக்ஸ் ஹோக் ஆண்டர்சனின் கண்களிலிருந்த வெறியும் வேதனையும் பல வறண்ட அத்தியாயங்களைத் தாங்கிப் பிடித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சரித்திரப் பிழை பற்றிய குறைகளும் நிறையக் கேட்கின்றன. லிண்டிஸ்பார்ன் கொள்ளையில் கலந்துகொள்ளும் ரோல்லோ, 911இல் நார்மண்டியைப் பெற்ற ரோல்லோவாக வளருகிறான். முதற் கொள்ளையில் அவனுக்கு இருபது வயது என்று கொண்டாலும், நிலம் பெறும்போது 138 ஆகிறது! மெய்யான எக்பெர்ட் 839இலேயே காலமானவன். பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியதோ 865இல். ராக்னார் என்ற ஒரே மனிதன் இருந்தானா என்பதே ஆராய்ச்சியாளருக்கு ஐயம். இவற்றை நாம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஐஸ்லாந்துக் கதைகளிலும், டேனிஷ் ஆசிரியர் ஸாக்ஸோ இலத்தீனில் எழுதிய நூலிலும் வருகிற ராக்னாரே பல ஊர்க் கதைகளின் கூட்டு. நம்மை உறுத்துவது வேறொன்று. இதே கொள்ளையைப் பற்றி அக்காலத்து அறிஞர் அல்குவின் துயரத்துடன் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. கொள்ளை கொடுத்தவனின் வேதனையைக் கேட்க முதற் பருவங்களில் அதெல்ஸ்தான் இருந்தான். அவன் போன பின் எரிகின்ற ஊர்கள் வெறும் பின்னணித் திரையாகிவிட்டன. அந்நியன் கையில் ஊரையும் உடைமையையும் இழந்த தேசத்தார் இதை எளிதில் கவனிப்பார்கள்.

கடைசிப் பத்து அத்தியாயங்கள் 2020 டிசம்பர் 30ஆம் தேதி அமேசானில் ஒருமிக்க வெளியாயின. பாதியில் விட்டவர்கள் இவற்றையாவது பார்க்கலாம். ராக்னாரின் மகன் உப்பே மேற்குக் கடலைத் தாண்டிப் புதுநிலத்தை அடைகிறான். அங்கே வாழும் மக்கள் அவனுக்கு உணவும் இடமும் தருகிறார்கள். தங்கத்தின் மீது ஆசை வைத்து அம்மக்களில் ஒருவரைக் கொன்ற தன் ஆளை உப்பே தன் கையாலேயே கொல்லுகிறான். வெஸ்ஸெக்ஸ் வயலில் கேட்டு விடைபெறாத கேள்வியை ஹர்ஸ்ட் மறக்கவில்லை என்பது அங்கே தெரிகிறது. இறுதியில் உப்பேயும் மூத்துத் தளர்ந்த ப்ளோக்கியும் கடற்கரையில் அருகருகே அமர்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.