மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைப் பேருந்துக்காகக் காத்திருந்த மாணவன் ஒருவனோடு உரையாட நேர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்து, பெட்டியும் பாயுமாக விடுதியைக் காலிசெய்து வீடு திரும்பிக்கொண்டிருந்தான். "மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய், தம்பி?" என்றோம். வீட்டு ஆடுகள் நோய்கண்டு மடிந்ததைச் சிறுவயதில் கண்டவன் அவன். "மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னு இருந்தேங்க ஐயா. இப்ப வேணாம். மலையிலேயே ஏதாவது வேலை பார்த்துக்கிறேன்" என்றான்.

மதிப்பெண் குறையுமோ என அஞ்சுகிறாயா என வினவினோம். அதுவன்று. சமவெளிப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அவனுக்குப் பெயரே இல்லை. 'மலைக்காரன்' என்பதே பெயர். அவன் சேர்ந்த 2024 ஜூனில்தான் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்களைக் குடித்தது ஆலைகளில் புழங்கும் மெத்தனால். ஆயினும் வகுப்பில் கேள்வி இவனை நோக்கியே எழுந்தது: "பையிலே எத்தனை பாக்கெட் கொண்டாந்தே?" ஆசிரியர் ஒருவரும் உடன் சிரித்தாராம்.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருள் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படுவோர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழே. (விண்ணப்பத்தில் அச்சொல்லைக் கண்டதும் "கேரளாவா?" என்று கேட்கும் எழுத்தர்கள் இன்றும் உளர்.) பேச்சின் இழுப்பும் ஊரின் பெயருமே இப்பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

ஏளனத்தால் மனம் நோகும் என்பதை யாவரும் அறிவோம். அறிவின் திறனையே அது குறைக்கும் என்பதைப் பலர் அறியோம். உலக வங்கியின் ஆய்வாளர்களான கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமப் பள்ளிச் சிறுவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். தாளில் வரைந்த சிக்கலான பாதைகளில் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பரிசுத் தொகை உண்டு. சாதி அறிவிக்கப்படாதபோது, தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவர் மற்றவர்க்கு ஈடாகவே வழி கண்டனர். தந்தை பெயரோடு சாதியையும் யாவர் முன்னும் உரக்கப் படித்தபோதோ, அவர்கள் கண்ட வழிகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. அறிவு ஒன்றே, அறிவிப்பு ஒன்றுதான் புதிது.

இதைப் படித்ததும் நம் நினைவுக்கு வந்தது, உதவித்தொகை நாளில் வகுப்பறைகளில் எழும் குரல்: "எஸ்.டி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்!" நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஒரு தாளில் பெயரெழுதித் தனியே அழைத்தால் ஆகாதா?

"இகழ்ச்சிதான் ஒருவனை உயர்த்தும், அம்பேத்கரைப் பாருங்கள்" என்பார் உண்டு. உண்மைதான்: கோணிச்சாக்கில் தனியே அமர்த்தப்பட்ட சிறுவன் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். ஆனால் அவரைப் போலவே சாக்கில் அமர்ந்து, பாதியில் எழுந்து போனவர்களின் கணக்கை யார் எழுதினார்? இகழ்ந்தவனுக்கு விடையிறுக்கவே படிக்கும் பிள்ளையும், இகழ்ச்சிக்கு அஞ்சிக் கனவைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளையும், இருவருமே தம் விருப்பப்படி குறிக்கோளைத் தேர்ந்தவர்கள் அல்லர் என்பது நம் எண்ணம்.

அதே 2025இல் மலையின் சேலம் பகுதியிலுள்ள கருமந்துறையில், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பயின்ற மாணவி சென்னை ஐ.ஐ.டி.யில் இடம்பெற்றார். மலைப்பிள்ளைகளுக்கு மூளை போதாது என்போர் இனி என்ன சொல்வரோ! அத்தகைய பள்ளியில் மலை என்பது வசைச்சொல் ஆகாது. ஆயினும் எல்லாரையும் மலைமேலேயே வைத்துப் படிப்பிப்பது தீர்வாகாது. கல்லூரிக்குக் கீழே இறங்கத்தானே வேண்டும்?

2023இல் நாங்குநேரியில் உடன்பயின்றோரால் மாணவன் ஒருவன் வெட்டப்பட்டபின், நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. சாதி காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை முதலிய பரிந்துரைகளை அவர் 2024 ஜூனில் அளித்தார். நல்லவையே. ஆனால் நாவில் கட்டிய கயிற்றை எந்த ஆணை அவிழ்க்கும்? அன்பார்ந்த பெற்றோரே, 'மலைக்காரன்' என்னும் சொல்லை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. தேனும் கடுக்காயும் விற்க வருபவரிடம் நாம் பேரம் பேசும் தொனியிலும், பூசை முடிந்து வரும் வழியில் நாம் பேசும் பேச்சிலும் கற்றார்கள்.

அம்மாணவனிடம் கால்நடை மருத்துவப் படிப்பில் பழங்குடியினர்க்கென 1 விழுக்காடு இடம் உள்ளதை எடுத்துரைத்தோம். "தெரியுங்க ஐயா. 'உனக்கென்னடா, கோட்டா இருக்கு'ன்னு சொல்லியே காட்டுவாங்க" என்றான். பிறகு பேருந்து வந்தது. ஏறி அமர்ந்தவன் சன்னல் வழியே கேட்டான்: "அந்தக் காலேஜுல எங்க மலைப் பசங்க யாராச்சும் இருக்காங்களா ஐயா?"

விசாரித்துச் சொல்வதாகக் கூறி, அவன் ஊர் முகவரியைக் குறித்துக்கொண்டோம்.