வெளுத்ததெல்லாம் பாலா? பச்சையெல்லாம் ஜேடா?

ஜேட் வளையல் வாங்கப் போகிறவருக்கு ஊரே இலவசமாக ஆலோசனை சொல்லும். "கையில எடுத்தா ஜில்லுனு இருக்கணும். கத்தியால கீறினா கோடு விழக்கூடாது. அப்பதான் ஒரிஜினல்." அதன்படியே வாங்கி ஏமாந்து வந்து நின்றால், "பார்த்து வாங்கத் தெரியாதா?" என்று வாங்கினவர் தலையிலேயே குட்டு. விற்றவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

சரி, இந்தச் சோதனைகளின் லட்சணத்தைப் பார்ப்போம்.

முதலில், ஜேட் என்பது ஒரு கல் இல்லை, இரண்டு. நெஃப்ரைட் ஒன்று, ஜேடைட் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கனிமங்கள் என்பதை 1863-ல் பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் தாமூர் பிரித்துக் காட்டினார். சீனர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செதுக்கியது நெஃப்ரைட். பர்மாவின் ஜேடைட் அங்கே பெருமளவில் போய்ச் சேர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே "நெஃப்ரைட் டூப்ளிகேட்" என்பது சுத்த உளறல். ஆனால் மிகப் பெரிய விலை போவது நல்ல பச்சை ஜேடைட்.

இவை போக, பெயரை மட்டும் ஓசியில் வாங்கிக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது:

"இந்தியன் ஜேட்" - அவென்சுரின் என்ற குவார்ட்ஸ்.
"மலேசியா ஜேட்" - சாயமேற்றிய குவார்ட்ஸ்.
"நியூ ஜேட்" - செர்பென்டைன்.

இப்போது கத்தியை எடுங்கள். ஜேடைட்டின் கடினம் 6.5 முதல் 7, நெஃப்ரைட் 6 முதல் 6.5, குவார்ட்ஸ் 7. சாதாரணக் கத்தி சுமார் 5.5. ஆக, போலி குவார்ட்ஸும் முதல் வகுப்பில் பாஸ்! ஜில்லென்று இருப்பதா? எந்தக் கல்தான் ஜில்லென்று இருக்காது?

உருப்படியான சோதனை எடை பார்ப்பதுதான். 50 கிராம் கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், ஜேடைட் சுமார் 15 கிராம் குறையும், நெஃப்ரைட் 17, குவார்ட்ஸ் 19. கல்லின் இனம் தெரிந்துவிடும்.

ஆனால் உண்மையான வில்லன் அதற்கப்புறம்தான் வருகிறான். ஜேடைட்டை அமிலத்தில் ஊறவைத்துக் கறையை எடுத்து, உள்ளே பிசின் ஏற்றினால் அது "பி" ஜேட். சாயம் ஏற்றினால் "சி". மேலே மெழுகு மட்டும் பூசிய இயற்கைக் கல் "ஏ". எடையில் "ஏ"-வும் "பி"-யும் ஏறக்குறைய ஒன்றுதான். பிசினை நிச்சயமாகக் காட்டிக்கொடுப்பது அகச்சிவப்பு நிறமாலைக் கருவி. வளையல் வாங்கப் போகிறவர் அதையும் தோளில் சுமந்துகொண்டா போவார்?

1970-ல் ஜார்ஜ் அக்கர்லோஃப் பழைய கார் சந்தையை வைத்துச் சொன்ன விஷயம் இங்கே கச்சிதமாகப் பொருந்தும். சரக்கின் தரம் விற்பவனுக்கு மட்டும் தெரிந்தால், வாங்குபவர் பயந்து குறைத்துத்தான் விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குக் கட்டாது, கடையை மூடுவான். மிஞ்சுவது மோசடி மட்டுமே. வாங்குபவருக்குப் பாடம் எடுப்பதால் இது மாறாது. விற்பவன் வாயைத் திறந்தால்தான் மாறும்.

ஹாங்காங்கில் அதைச் சட்டமாகவே போட்டார்கள். எதை இயற்கை ஜேடைட் என்று சொல்லலாம் என்பதற்கு 2009-ல் வரையறை வந்தது. நிறத்தையோ உள் அமைப்பையோ மாற்றியிருந்தால் அந்தப் பெயர் கிடையாது. இயற்கைக் கல் என்று விற்கும் கடை விவரத்தோடு ரசீதும் தரவேண்டும்.

"ஒவ்வொரு மணிக்கும் லேப் டெஸ்ட் எடுத்தா சின்ன வியாபாரி என்ன ஆவான்?" என்பார்கள். நியாயமான கேள்வி. எடுக்க வேண்டாம். "சோதிக்கப்படாதது" என்று பில்லில் எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். இரண்டு வார்த்தை எழுதப் பைசா செலவில்லை. எழுத மறுக்கிறார் என்றால் காரணம் செலவு இல்லை மக்களே!

எனவே கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பில்லில் மூன்று விஷயம் கேளுங்கள்: கனிமத்தின் பெயர், செய்த பதப்படுத்தல், சோதித்தவர் யார். எழுதித் தராத கடையில் கல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும், சொல்வது பச்சைப் பொய்.

டிஸ்கி: அவென்சுரினும் அழகான கல்தான். அதன் சொந்தப் பெயரில் விற்றால் யாருக்கும் சண்டையில்லை :-)