நமக்குச் சாதகமாக ஊதிய விசில்

காற்பந்து ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவரின் முடிவைப் பற்றிய ஆட்டம் மட்டும் முடியவே முடியாது. மலாக்காவில் எந்தக் கடையிலாவது நான்கு பேர் தே தாரேக்கோடு உட்கார்ந்தால், பேச்சில் ஐந்தாவது ஆளாக ஒரு நடுவரும் வந்துவிடுவார். அவர் பக்கம் பேசத்தான் அங்கே ஆள் இருக்காது.

2024 ஜனவரி 25 நினைவிருக்கிறதா? அன்று தைப்பூசம். கோயிலுக்குப் போய்வந்த கால்வலியோடு கைப்பேசியில் ஆட்டம் பார்த்தவர்கள் நம்மில் பலர். கத்தாரில் ஆசியக் கிண்ணம். ஏற்கெனவே வெளியேறிவிட்ட நம் ஹரிமாவ் மலாயா, சோன் ஹியூங் மின் ஆடிய தென் கொரியாவை 3–3 என்று சமன் செய்தது. காயநேரத்தில் ரோமெல் மொராலஸ் அடித்த அந்தக் கடைசி கோலுக்கு அலறாத வீடு இல்லை.

ஆனால் கொரிய ரசிகர்களைக் கேட்டால் கதை வேறு. ஃபைசால் ஹலிம் அடித்த முதல் கோலுக்கு முன், ஹ்வாங் இன் பொம்மிடமிருந்து பந்து பறிக்கப்பட்டது. அது ஃபவுல் என்றார்கள். கோல் நிலைத்தது. அடுத்து, காணொளி உதவி நடுவர், அதாவது வி.ஏ.ஆர். சரிபார்த்த பிறகு நமக்கு ஒரு பெனால்டி. ஆரிஃப் அய்மான் உதைத்தார், கோல். கொரியப் பயிற்றுநர் கிளின்ஸ்மன் தம் அதிருப்தியை மறைக்கவில்லை.

அன்றிரவு நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடுவரை யாராவது திட்டினார்களா? என் கண்ணில் படவில்லை. நமக்கு வாய்த்தால் நியாயம், அடுத்தவனுக்கு வாய்த்தால் அநியாயம். அவ்வளவுதான் நம் சட்டப் புத்தகம்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹம் – லிவர்பூல். நமக்கு நள்ளிரவு 12.30. லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைட் கொடி தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் பார்த்தபோது ஆஃப்சைட் இல்லை. ஆனால் திடலில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்றே அங்கிருந்தவர் நினைத்துக்கொண்டார். ‘சரிபார்த்தாயிற்று’ என்று சொல்லி முடித்துவிட்டார். திடலில் இருந்த நடுவர் அதை ‘ஆஃப்சைட் சரிதான்’ என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். சில நொடிகளில் அறைக்குள் தவறு தெரிந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் விதிப்படி நிறுத்த முடியவில்லை. லிவர்பூல் 1–2 எனத் தோற்றது.

நம்ம ஊர் லிவர்பூல் ரசிகர்கள் ‘காசு வாங்கிட்டான்’ என்றார்கள். சில நாள்களில் அந்த அறையின் ஒலிப்பதிவே வெளியிடப்பட்டது. கேட்டுப் பார்த்தேன். அதில் சதி இல்லை. அவசரமும், அரைகுறையாகச் சொன்ன ஒரு சொல்லும், புரிந்ததும் எழுந்த பதற்றமும்தான் இருந்தன.

வானொலிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். நிலையத்தில் ‘சரி’ என்ற சொல் ஆபத்தானது. பாட்டுக்குச் சரியா, விளம்பரத்துக்குச் சரியா? அதனால் ‘விளம்பரம் போடுங்க’ என்று முழுதாகச் சொல்லப் பழகுகிறோம். அந்த அறையிலும் ‘கோல் கொடுங்கள்’ என்று ஒருவர் முழுதாகச் சொல்லியிருந்தால் போதும். தகவல் சொல்லும் முறையைத் திருத்துவதாக இங்கிலாந்து நடுவர் அமைப்பு பிறகு அறிவித்தது. ‘திருடன்’ என்று திட்டியதால் வந்த மாற்றமல்ல அது. எங்கே பிசகியது என்று தேடியதால் வந்தது.

இத்தனை கேமரா இருந்தும் இந்த நிலை என்றால், ஜாசின் பக்கத்துத் தோட்டத் திடலில் விசிலோடு நிற்பவரை யோசித்துப் பாருங்கள். கேமரா கிடையாது. எல்லைக் கோடு பாதி அழிந்திருக்கும். கிடைப்பது எண்ணெய்க் காசும் ஒரு பொட்டலம் சாப்பாடும். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பல ஆண்டுகள் தோட்டப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர். ஒரு பெனால்டிக்காக அவருடைய மனைவியை இழுத்துப் பேசினார்கள். அவருடைய மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுவாரம் அவர் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. “அடி வாங்கியிருந்தா கூட மறந்திருப்பேன், தம்பி” என்றார்.

சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கிண்ணத்தில் போலந்து – ஹைத்தி ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். நம்மவர் ஒருவர் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார். அப்படி இன்னொருவர் நம் தோட்டப் பிள்ளைகளிலிருந்து வர வேண்டுமென்றால், முதலில் விசிலை எடுக்க ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ ஆசை வர வேண்டும். வார இறுதியில் திடலோரம் நாம் பேசுகிற பேச்சைக் கேட்டால் அந்த ஆசை வருமா?

விவாதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விவாதம் இல்லாவிட்டால் காற்பந்து ருசிக்காது. தீர்ப்பைத் திட்டுங்கள், தீர்ப்புச் சொன்னவரின் குடும்பத்தை விட்டுவிடுங்கள். புகார் இருந்தால் ஆட்டம் முடிந்து அணித் தலைவர் ஏற்பாட்டுக் குழுவிடம் சொல்லட்டும். கத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இதே விசில் நமக்குச் சாதகமாக ஊதப்பட்டிருந்தால் வாயைத் திறந்திருப்போமா? ‘ஆமாம்’ என்று சொல்ல முடிந்தால், தாராளமாகக் கத்துங்கள்.