விழுந்தவங்க எண்ணிக்கையை வெச்சு ட்ராக்கை அளக்கலாமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல்ல இருந்து ஆறு பேர் சைக்கிள்ல சிறுமலைக்குக் கிளம்பினோம். திண்டுக்கல்லைத் தாண்டி நத்தம் ரோட்டுல போய், அங்கிருந்து மலைப்பாதை. 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பாதி வழி தள்ளிட்டுத்தான் போனோம், அதை மறைக்கப் போறதில்லை. பிரச்சினை இறங்கும்போதுதான் வந்துச்சு. ஒரு வளைவுல ரோட்டோரம் சிதறிக் கிடந்த ஜல்லியில எங்கள்ல ஒருத்தனோட முன் சக்கரம் வழுக்கிருச்சு. ஆளு ரோட்டுல தேய்ஞ்சுக்கிட்டே போய் நின்னான். முழங்கையில ஆறு தையல். பின்னாடி வாழைத்தார் ஏத்திட்டு வந்த வண்டிக்காரர் சரியான நேரத்துல பிரேக் போட்டதால தையலோட போச்சு.

கீழ டீக்கடைல உக்காந்து அவன் கைக்குத் துணி கட்டிட்டு இருக்கும்போதே சண்டை ஆரம்பிச்சிருச்சு.

"இது கஷ்டமான ரூட்டுடா. விழத்தான் செய்வோம்."

"தார் ரோடுடா இது! பஸ்ஸு போற ரோடு. இதுல விழுந்தா ரூட்டு மேல தப்பில்ல, உனக்கு ஓட்டத் தெரியலைன்னு அர்த்தம்."

சொல்லுங்க, நீங்க எந்தக் கட்சி? நான் அன்னைக்கு ரெண்டாவது கட்சி. அடிபட்டவன் முகத்துக்கு நேரா சொல்லலையே தவிர, மனசுக்குள்ள அதான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு வாரம் ஹாஸ்டல் வைஃபையைத் தின்னு டவுன்ஹில் ரேஸ் வீடியோவா பார்த்துத் தள்ளினதுல, இதே சண்டையை உலகம் பூரா இருபது வருஷத்துக்கும் மேலா போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுது. இப்போ எனக்கு ரெண்டு கட்சியும் தப்புன்னு தோணுது.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நம்ம ஊர்ல பைக்னா மோட்டார் சைக்கிள். நான் சொல்றது பெடல் சைக்கிள். மலை உச்சில ஒருத்தர் ஒருத்தரா கிளம்பணும், கீழே வந்து சேர எத்தனை வினாடின்னு கணக்கு. அவ்வளவுதான் டவுன்ஹில். சர்வதேச சைக்கிள் சம்மேளனம், அதாவது யுசிஐ, விதிப்படி ட்ராக் ஒன்றரை கிலோமீட்டர்ல இருந்து மூன்றரை கிலோமீட்டருக்குள்ள, ரெண்டுல இருந்து அஞ்சு நிமிஷத்துல முடியுற மாதிரி இருக்கணும். ரெண்டு பக்கமும் டேப் கட்டியிருப்பாங்க. டேப்புக்கு உள்ளே எந்த வழியா வேணா போகலாம். அந்த வழிக்குப் பேருதான் லைன். வேர் மேல குதிச்சுக் குறுக்கால போறதா, சுத்திப்போனாலும் பரவாயில்லைன்னு வெளிப்பக்கமா போறதா? ஒவ்வொரு வளைவுக்கும் இந்தக் கேள்வி இருக்கு. யோசிக்கக் கிடைக்குறது அரை வினாடி.

இனி சண்டைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு ஒரு ஊர். காந்தியை ரயில்ல இருந்து இறக்கி விட்ட அதே ஊர்தான். அங்க இருந்த டவுன்ஹில் ட்ராக்கை ரசிகர்கள் திட்டாத திட்டு இல்ல. நடுவுல நீளமா ஒரு சமதளம், மூச்சு வாங்க மிதிச்சே ஆகணும். "இது டவுன்ஹில்லா, தொடை பலத்துக்கு வெச்ச போட்டியா? இதுல திறமைக்கு என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. இத்தாலியோட வால் டி சோலே இதுக்கு நேர் எதிர். கருப்புப் பாம்புன்னு பட்டப்பேர். செங்குத்து, வேர், பெயர்ந்து கிடக்குற பாறை. நடந்து இறங்கவே கை ஊனணும்போல இருக்கு. நிஜ ரேஸ்னா இதுதான்னு அதே ரசிகர்கள் கும்பிடுவாங்க.

நியாயமாப் பார்த்தா இந்த ரெண்டு ட்ராக்லயும் வேற வேற ஆளுங்கதானே ஜெயிக்கணும்? ஒண்ணுல தொடைக்காரன், இன்னொண்ணுல திறமைக்காரன்.

2013-ல உலக சாம்பியன்ஷிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல நடந்துச்சு. அந்த ஊர்க்காரர் கிரெக் மின்னார் ஜெயிச்சார், அதுவும் கடைசில டயர் காத்து இறங்கின நிலையில, அரை வினாடிக்கும் குறைவான வித்தியாசத்துல. எட்டு வருஷம் கழிச்சு, 2021-ல, உலக சாம்பியன்ஷிப் வால் டி சோலேல. ஜெயிச்சது யாருன்னு நினைக்குறீங்க? அதே கிரெக் மின்னார். வயசு 39. திரும்பவும் அரை வினாடிக்கும் குறைவு.

இதைப் படிச்சப்போதான் என் கட்சி ஆட ஆரம்பிச்சுது.

அடுத்தது இன்னும் மோசம். ஆஸ்திரியாவுல லியோகாங். வழவழன்னு சீவி வெச்ச ட்ராக், யார் வேணா ஓட்டலாம்னு ரொம்ப நாள் பேச்சு. 2015 உலகக் கோப்பையில அங்க அமெரிக்கர் ஆரன் க்வின் கிளம்பின உடனேயே சங்கிலி அறுந்துருச்சு. அப்புறம் பெடல் இருந்தும் பிரயோஜனமில்ல. நாமா இருந்தா ஓரமா நிறுத்தி செருப்பைக் கழட்டி உக்காந்திருப்போம். அவர் அப்படியே இறங்கினார். மிதிக்காம, பிரேக்கை முடிஞ்ச வரைக்கும் தொடாம, மேடு பள்ளத்துல உடம்பை அமுக்கி அமுக்கி வேகத்தைச் சேர்த்துக்கிட்டே வந்து ரேஸையே ஜெயிச்சார். 'திறமைக்கு வேலையில்லாத' ட்ராக்ல சங்கிலி உள்ள அத்தனை பேரையும் சங்கிலி இல்லாத ஒருத்தர் முந்தினா, அதுக்கு என்ன பேரு? இதே க்வினோட முதல் உலகக் கோப்பை வெற்றி 2011-ல எங்க வந்துச்சு தெரியுமா? பீட்டர்மாரிட்ஸ்பர்க். தொடைக்காரங்க ட்ராக்!

அப்போ கஷ்டம்ங்கறது ட்ராக்குக்குள்ள மட்டும் இல்ல. நீங்க என்ன வேகத்துல வர்றீங்கங்கறதுல பாதி இருக்கு. இது நமக்குப் புதுசா? முதல் வருஷ இயற்பியல்தான். ஒரு வளைவைச் சுத்த வேண்டிய விசை வேகத்தோட இருமடி. வேகம் ரெண்டு மடங்கானா டயருக்கு நாலு மடங்கு பிடிமானம் வேணும். வளைவு அதேதான், ரோடு அதேதான். நடந்து போனா ஒண்ணுமே இல்லாத திருப்பம், ஜெயிக்குற வேகத்துல போனா எமன்.

எங்க ஆளு விழுந்ததும் இதே கணக்குதான். டயரோட பிடிமானத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் திரும்புறதும் பிரேக்கும் பங்கு போட்டுக்கணும். அவன் வளைவுக்கு முன்னாடி பிரேக் போடாம, வளைவுக்குள்ள வந்து பயந்து முன் பிரேக்கைப் பிடிச்சான். திரும்புறதுக்கு வேண்டிய பங்கைப் பிரேக் தின்னுருச்சு. ஜல்லி மிச்சத்தை முடிச்சு வெச்சுது. அந்த ரோடு அவனுக்கு அந்த வேகத்துல கஷ்டமான ரோடுதான். பஸ் டிரைவருக்கு அது தினசரி வேலை. ரெண்டுமே உண்மை. 'தார் ரோடுடா'ன்னு மனசுக்குள்ள சொன்ன நான்தான் கணக்கைச் சரியா போடலை.

அதுக்காக எல்லா ட்ராக்கும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான ஆதாரம் இருக்கு, அதை மறைச்சுட்டு வாதாடுறது அழகில்ல. 2011, சுவிட்சர்லாந்தோட ஷாம்பெரி. ஏற்கெனவே பயங்கர செங்குத்து, அன்னைக்கு மழை வேற. சேறு, வேர், மேகமூட்டம். 19 வயசு டேனி ஹார்ட் இறங்கி வந்து 11.699 வினாடி வித்தியாசத்துல உலக சாம்பியன் ஆனார். வினாடியில பத்துல ஒரு பங்கு, நூறுல ஒரு பங்குன்னு முடியுற விளையாட்டுல பதினோரு வினாடி! அந்த வீடியோவை இதுவரைக்கும் எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே கணக்கில்ல. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கோட சமதளத்துல அவ்வளவு பெரிய இடைவெளி சத்தியமா வந்திருக்காது. கஷ்டமான ட்ராக் திறமையைப் பூதக்கண்ணாடி வெச்சுக் காட்டும். ஒத்துக்குறேன்.

ஆனா அதே ஷாம்பெரி, நாலு வருஷம் முன்னாடி, 2007. டவுன்ஹில்ல தகுதிச் சுற்றுல வேகமா வந்தவங்க கடைசியா இறங்குவாங்க. அன்னைக்குக் கடைசிப் பகுதியில மழை கொட்டிருச்சு. முன்னாடி இறங்கினவங்களுக்குக் கிடைச்ச தரை, பின்னாடி வந்த ஆஸ்திரேலியர் சாம் ஹில்லுக்குக் கிடைக்கலை. சேத்துல அவர் ஓட்டின ஓட்டத்தை இன்னிக்கும் பேசுறாங்க. ஆனா முடிவுப் பட்டியல்ல மூணாவது இடம். கஷ்டம் கூடிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அது திறமையை அளக்குறதை நிறுத்திட்டு அதிர்ஷ்டத்தை அளக்க ஆரம்பிச்சிரும்.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்ல. நூறு பேர் எழுதி தொண்ணூறு பேர் அரியர் வைக்குற பேப்பர் கஷ்டமான பேப்பரா, மோசமான பேப்பரா? சிலபஸ்லயே இல்லாத கேள்வியைக் கேட்டுட்டு 'பேப்பர் டஃப்பு'ன்னு மீசை முறுக்குறதுக்குப் பேர் திறமை சோதனை இல்ல. படிச்சவனையும் படிக்காதவனையும் சேர்த்துக் கவுத்துவிடும், அவ்வளவுதான். நல்ல பேப்பர்ல எழுபது மார்க் எடுக்கக் கூடியவன் எழுபதுல நிப்பான், தொண்ணூறுக்காரன் தொண்ணூறுல நிப்பான். நல்ல ட்ராக்கும் அப்படித்தான். ஒவ்வொருத்தரையும் அவரவர் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, 'இப்போ என்ன பண்ணப் போற?'ன்னு கேக்கணும். பத்திரமான லைன் ஒண்ணு, வேகமான லைன் ஒண்ணு ரெண்டும் இருக்கணும். விழுந்தா என்ன ஆகும்ங்கறது இதுல சேராது, அது தனிக் கணக்கு. ஒரே மாதிரி வளைவு ரெண்டு இருக்கட்டும், ஒண்ணுக்குப் பக்கத்துல புல்வெளி, இன்னொண்ணுக்குப் பக்கத்துல பள்ளத்தாக்கு. திருப்புற திறமை ரெண்டுக்கும் ஒண்ணுதான். ரெண்டாவதுல கூடுறது பயம்.

வேல்ஸ்ல 2014-ல இருந்து நடக்குற ரெட் புல் ஹார்ட்லைன் மாதிரி ரேஸ்களைப் பார்த்துட்டுப் பசங்க அதையும் இதையும் குழப்பிக்குறாங்கன்னு நினைக்குறேன். அங்க தாண்டுற ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வீட்டை விழுங்கும். தாண்டுறவங்க சின்ன வயசுல இருந்து அதுலயே ஊறினவங்க. அவங்களுக்குக் கீழ பச்சை, நீலம், சிவப்பு, கருப்புன்னு படிப்படியா தரம் பிரிச்ச எத்தனையோ பாதைகள் இருந்திருக்கு. பச்சையில விழுந்து பழகி, நீலத்துல பிரேக்கைக் கத்துக்கிட்டு மேல வந்தவங்க. நமக்கு என்ன இருக்கு? நேரா சிறுமலை. இல்லேன்னா வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் மலைப்பாதை. எதிர்ல பஸ், பின்னாடி லாரி, ஹெல்மெட் இல்லாம ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு ரீல்ஸ். அந்த வீடியோவுக்குக் கீழ 'செம ஸ்கில் மச்சி'ன்னு நூறு கமெண்ட். அதுல எங்கங்க இருக்கு ஸ்கில்? எதிர்ல வண்டி வராம போனது ஸ்கில்லா?

2023 அக்டோபர்ல ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் பக்கத்து மாநிலத்துல, திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில நடந்துச்சு. டவுன்ஹில்லும் அதுல உண்டு. அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான், அதே மழைதான், அதே வழுக்குற செம்மண்தான். டவுன்ஹில் ஒலிம்பிக்ல கிடையாது. 1996 அட்லாண்டால சேர்ந்தது கிராஸ் கன்ட்ரி மட்டும்தான். அதனால அரசாங்கப் பணம் இந்தப் பக்கம் பாயும்னு நான் கனவு காணலை. ஆனா ஒரு பச்சைப் பாதை போட ஸ்டேடியம் வேணாம். வண்டி போகாத ஒரு சரிவு, நானூறு மீட்டர், ஆறேழு வளைவு, ஓரத்துல மண்மேடு போதும். அனுமதி வாங்கி ஒரு சரிவை அப்படி மாத்துறதுக்கு சிவில் டிபார்ட்மென்ட் பசங்களுக்கு ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் ஆகாதா? வடிகால் வரைவு, மண் அரிப்பு, வளைவின் ஆரம், சாய்வு எல்லாமே நம்ம சிலபஸ்தான். நூலகத்துல பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பேர் மாத்தி பைண்டிங் போடுறதை விட இது எவ்வளவோ மேல். (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலை, குறுகுறுத்தா நான் பொறுப்பில்ல.)

எங்க ஆளுக்குப் போன வெள்ளிக்கிழமை தையல் பிரிச்சாச்சு. திரும்ப சிறுமலைக்குப் போகணும்னு குதிக்குறான். நான் ஒரு நிபந்தனை போட்டிருக்கேன். டவுன்ஹில்காரங்க ஓட்டுறதுக்கு முன்னாடி ட்ராக்கை மேல இருந்து கீழ நடந்து பார்ப்பாங்க. அது மாதிரி இந்தத் தடவை அவன் விழுந்த வளைவுல சைக்கிளை ஓரமா நிறுத்திட்டு முதல்ல நடக்கணும். ஜல்லி எங்க கிடக்கு, பிரேக்கை எங்க விடணும், வர்ற வண்டி எவ்வளவு தூரத்துல கண்ணுல படுதுன்னு பார்க்கணும். ஓரத்துக் கல்லுல சாக்பீஸ்ல ஒரு கோடு போடலாம்னு இருக்கோம், 'இங்கேயே பிரேக்'னு. சாக்பீஸ் நான் எடுத்துட்டு வர்றேன். வர்றவங்க ஹெல்மெட் எடுத்துட்டு வாங்க. ஞாயிறு காலை அஞ்சரை, ஹாஸ்டல் கேட்டுக்கிட்ட.