பாதியில் கிடக்கும் தையலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் உள் அறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு மூத்த மருமகள் எதற்கோ பீரோவைத் திறக்க, ஒரு துணிப்பை சரிந்து விழுந்தது. ஒரு கை மட்டும் ஆரி வேலை முடிந்த ரவிக்கை, மூன்று மூலையில் பூ போட்ட மேஜை விரிப்பு, பாதி பின்னிய குழந்தைத் தொப்பி, மேட்டி துணியில் கழுத்து வரை வந்த ஒரு மயில். அண்ணி அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இவளுக்கு ஆரம்பிக்க மட்டும்தான் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். (அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் திட்டில் பாதி எனக்கு.)

அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என்னிடம் தையல் படித்தவள். மறுநாள் போன் செய்தேன். "எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன் டீச்சர். பழைய துணிக்குப் பாத்திரம் போடறவர் வந்தா கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சங்கிலித் தையல் மாதிரியை முடித்துக் கையெழுத்து வாங்காமல் காம்புத் தையலைத் தொடக்கூடாது. ஒரு வருடம் ஒரு பிள்ளைக்குச் சிவப்பு நூல் தீர்ந்துபோனது. வீட்டில் வாங்கித்தர வழியில்லை. கையில் நீல நூல் இருந்தது, அடுத்த மாதிரியை அவள் போட்டிருக்கலாம். நான் விடவில்லை. மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்க்கையும் குறைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஆசையாக ஊசியைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

"ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்கிறார்களே, இது யாருக்குப் பொருந்தும்? எட்டு மணி நேரம் ஒரே இடத்தில், நல்ல வெளிச்சத்தில், யாரும் கூப்பிடாமல் உட்கார முடிகிறவர்களுக்குப் பொருந்தும். கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிற பெண் நாள் முழுக்கக் காலர்தான் தைப்பாள், அங்கே அது சரி. வீட்டில் தைக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு நேரம் எங்கே இருக்கிறது? 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து நம் ஊர் ஷிப்டில்தான் எழுந்து ஷிப்டில்தான் தூங்குகிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். அதற்கு நடுவில் பிள்ளை, சமையல், தண்ணீர் லாரி. அவளுக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வேலைதான் பொருந்தும்.

குறுக்குத் தையல் மயிலுக்கு இழை எண்ண வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும். ஆரி வேலைக்குத் துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்ட வேண்டும், அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. கம்பெனி பஸ் தளி ரோட்டிலிருந்து சிப்காட் போய்ச் சேர்வதற்குள் தொப்பியில் இரண்டு சுற்று பின்னலாம். கையில் மயில் ஒன்று மட்டும் இருந்தால் அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊசி எடுப்பாள். நான்கு இருந்தால் தினமும் எடுப்பாள். நாளைக்கு 20 நிமிடம் என்றாலும் வருடத்துக்கு 120 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கணக்கு டீச்சர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே கறுப்பிலும் சிவப்பிலும் பூ போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அரை இருட்டில் அதைப் போடச் சொல்லிப் பாருங்கள். பக்கத்திலேயே, தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில், மறந்துபோக இருந்த தங்கள் பூத்தையலை லம்பாடிப் பெண்கள் மீட்டு எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அமைப்பின் பெயர் போர்கை, அவர்கள் மொழியில் பெருமை என்று அர்த்தம். அவர்களும் காடு, கழனி, வீடு என்று எல்லா வேலையும் பார்க்கிற பெண்கள்தான். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிற காந்தா ஒன்று முடிய வருடக்கணக்கில் ஆவதும் உண்டு. அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

அவ்வளவு தூரம் ஏன்? தை மாதமும் ஆவணி மாதமும் உங்கள் தெரு டெய்லர் அக்கா என்ன செய்கிறார்? பத்து ரவிக்கையை ஒன்றாக வெட்டி வைப்பார். சிவப்பு நூல் மாட்டினால் சிவப்பு எல்லாவற்றையும் ஓட்டிவிடுவார். கொக்கி, கைத்தையல் எல்லாம் சாயங்காலம் திண்ணையில். பத்தும் பாதியில்தான் கிடக்கும். அவரைக் கெட்டிக்காரி என்கிறோம். கூலி வாங்கினால் கெட்டிக்காரத்தனம், வாங்காவிட்டால் புத்தி இல்லையா?

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து வாரம் மூன்று கிட் வாங்கி அடுக்குகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். அது தையல் இல்லை, ஷாப்பிங். என்னைக் கேட்டால் நான்குக்கு மேல் வேண்டாம். ஒன்று வெளியே போனால்தான் இன்னொன்று உள்ளே வர வேண்டும். மாதத்தில் ஒவ்வொன்றும் நாலு வரியாவது நகர்ந்திருந்தால் அது ஓடுகிற வேலை. ஒரு வருடம் தொடாமல் கிடந்தால் பிரித்துவிடுங்கள், இல்லை முடிக்கிறவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, அதில் அதன் நூல், ஊசி. ரிங்கைத் துணியிலேயே விடாதீர்கள், வட்டம் விழுந்துவிடும். ஊசியைக் குத்தி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் துரு ஏறி அந்தக் கறை போகவே போகாது. முக்கியமாக, நிறுத்திய இடத்தை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

நேற்று அவளை அந்த மூட்டையோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். பிரித்துப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லித்தராமலே நாலு பையிலும் சீட்டு வைத்திருக்கிறாள், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில். "நைட் வாரம் - தொப்பி மட்டும்." "மயில், கழுத்து, 14-ஆம் வரிசை, இடது பக்கம்." தேதியோடு. போன மாதம் நான்குமே நகர்ந்திருக்கின்றன. அன்றைக்கு அந்தச் சீட்டுகளை நாங்கள் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

விரிப்பின் நான்காவது மூலை நிற்பதற்குக் காரணம் பச்சை நூல் தீர்ந்ததுதான். அதே ஷேடு ஓசூர் கடைகளில் கிடைக்கவில்லையாம். இந்த வாரம் யாராவது பெங்களூர் சிக்பேட்டைப் பக்கம் போனால் எனக்கு மெசேஜ் போடுங்கள். ஆங்கர் நூல், லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இரண்டு லச்சி போதும், காசு நான் கொடுத்துவிடுகிறேன்.